கயிறு கட்டியவர்களும் மதிமானியும்

இசக்கிராஜ் வாயைத் திறக்க மறுத்ததால், ஊராருக்குக் கட்டாயமாகச் சாராயம் ஊட்டும் ஊட்டுப்படையினர் இரும்புக் கரண்டியால் நெம்பி அவனுடைய முன்பற்கள் இரண்டை உடைத்தார்கள். பிறகு மூக்கைப் பொத்தி அவனுடைய அன்றைய பங்குச் சாராயத்தை ஊற்றினார்கள். அவன் அதை ரத்தத்தோடு சேர்த்துப் படைத்தலைவன் பேச்சிமுத்துவின் சட்டையில் துப்பினான். பாளையங்கோட்டையில் அப்படித் துப்பத் துணிந்தவன் அவன் ஒருவன்தான்.

தலையில் கவிழ்த்தால் மறதிநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி மதிமானி. லட்சக்கணக்கானவர்களின் விவரங்களைக் கற்றுக்கொண்டு அது ஒரு முடிவைச் சொன்னது: கொஞ்சமாகக் குடிப்பவர்களைவிடக் குடிக்காதவர்களுக்கே மறதிநோய் அதிகம். அவ்வளவுதான், குடிப்பது சட்டமாகிவிட்டது. ஒரு மிடறு மருந்தென்றால் ஒரு செம்பு அமிர்தம் என்று நம் ஆட்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். குடிக்க மறுப்பவன் நாளை ஊருக்குப் பாரம், அவனை அடித்தால் கேள்வி கிடையாது. மதிமானி அவரவர் குடிக்கணக்கையும் சேர்த்துப் பார்த்து நல்ல நினைவுக்குப் பச்சையும் மறதிக்குச் சிவப்பும் எரியவிடும்; சிவப்பு எரிந்தவர் சொல்லும் சாட்சியும் செல்லாது.

மதிமானியை உருவாக்கியவர் டாக்டர் உலகம்மாள், இசக்கிராஜின் அக்கா. தம்பியைத் தெருவில் போட்டு மிதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தார். அன்று காலையில்தான் தவறு எங்கே நடந்தது என்று அவருக்குப் புரிந்திருந்தது. குடித்துக் குடித்து ஈரல் வெந்து, கை நடுங்கி, கடைசியில் கோயிலில் போய்க் கயிறு கட்டிக் குடியை விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கயிறு கட்டியவனிடம் குடியைப் பற்றிக் கேட்பது சாமி குத்தம் என்று விவரம் எடுக்கப் போனவர்கள் கூசினார்கள். மணிக்கட்டில் கயிற்றைப் பார்த்ததும் ‘குடிக்காதவர்’ என்று பதிந்துவிட்டு வந்தார்கள். குடி கெடுத்த மூளைகளின் பழியெல்லாம் குடிக்காதவர்கள் தலையில் விடிந்தது. கயிறு கட்டியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, குடியினால் ஒரு நன்மையும் மிஞ்சவில்லை. அதிகம் குடித்தவர்களுக்கு நோயும் அதிகமாகவே இருந்தது. இந்த மரியாதைக்காக எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் அவர் பேச்சிமுத்துவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“தப்பு என் மெஷின் மேலதான் அண்ணாச்சி. அவன விட்டுருங்க, செத்துருவான்.”

பேச்சிமுத்து நாளுக்கு மூன்று செம்பு குடிப்பவன், அதற்காகவே படையில் பதக்கம் வாங்கியவன். அவன் கடப்பாரையை எடுத்தான். இரண்டாவது அடியில் இசக்கிராஜின் மண்டை பிளந்தது. ரத்தம் அக்காவின் முகத்தில் சூடாகத் தெறித்தது.

பேச்சிமுத்து கடப்பாரையைக் கீழே போட்டான். தன் கையைப் பார்த்தான், கிடந்த உடலைப் பார்த்தான். அவன் முகத்தில் துளி நடிப்பும் இல்லை.

“ஏல, யாரு இந்தப் பயல அடிச்சது?”

ஒருவன் மட்டும், “அண்ணாச்சி, நீங்கதான...” என்று இழுத்தான். முறைப்படி மதிமானியைத் தலைவன் தலையில் கவிழ்த்தார்கள். பச்சை எரிந்தது. நினைவு தவறாதவன், தான் அடிக்கவில்லை என்கிறான். அப்படியானால் அடிக்கவில்லை.

கருவியைச் செய்தவர் என்பதால் உலகம்மாளுக்கு மட்டும் குடியிலிருந்து விலக்கு இருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத அவர் தலையில் அதைக் கவிழ்த்ததும் சிவப்பு எரிந்தது. அவன்தான் கொன்றான், என் கண்ணால் பார்த்தேன் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

“நீங்கதான் கொன்னுட்டு மறந்துட்டீய, டாக்டரம்மா,” என்று பேச்சிமுத்து நிஜமான பரிவோடு சொன்னான். அவர் கைகளைக் கட்டுவதற்குப் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட வாயெடுத்தான். பத்து வருடமாகக் கூடவே இருப்பவன், அவன் பெயர்தான் வரவில்லை.