வானநூலில் காணாமற்போன தாள்

அழகரத்தினம் காப்புறுதி நிறுவனமொன்றுக்காகத் துப்புத் துலக்குபவர். எஸ்பியர்க் என்ற டேனிஷ் நகரில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு அன்று காலை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தவள் நூலக ஊழியர் கிருசாந்தி. அழுது கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணை, என்னைக் கள்ளி எண்டு சொல்லுகினம். பின்னேரம் கண்காட்சி. அதுக்குள்ள தாள் கிடைக்காட்டி வேலையும் போயிடும்.”

கண்காட்சி, இஸ்லாமிய உலகின் பழைய நூலகங்களைப் பற்றியது. மோசுலில் ஒரு பள்ளிவாசல் நூலகத்துக்காகக் கையால் எழுதப்பட்ட வானநூலை யூனுஸ் என்ற ஈராக்கியர் இரவல் தந்திருந்தார். போரில் அந்த நூலகம் எரிந்தபோது அவருடைய தந்தை காப்பாற்றிய ஒரே நூல் அது. தையல் விட்ட ஒரு தாளைப் படமெடுப்பதற்காக அவரே கழற்றிக் கொடுத்தாராம். இப்போது அதைக் காணோம்.

“ஆரோ வித்துப்போட்டாங்கள்!” என்று துள்ளினாள் அழகரத்தினத்தின் உதவியாளர் விஜிதா. அவளுக்கு எந்த வழக்கிலும் ஒரு கடத்தல்காரன் இருந்தே ஆகவேண்டும்.

“முதல்ல போய்ப் பாப்பம்,” என்றார் அழகரத்தினம்.

நூலகத்தில் யூனுஸ் நூலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அழகரத்தினம் பணிவாகக் கேட்டு வாங்கி மேசையில் வைத்தார்.

“பிள்ளை, தாளைத் திருப்பி எங்க வைச்சனீர்?”

“அவர் சொன்ன இடத்திலதான். தொடக்கத்திலயிருந்து எட்டாந் தாள். பிறகு என்னைத் தொடவே விடேல்லை.” சொல்லிக்கொண்டே இடப்பக்க அட்டையைத் திறந்தாள்.

“போதும்,” என்று சிரித்த அழகரத்தினம், வலப்பக்கத்திலிருந்து புரட்டி ஏழாந் தாளின் பின்புறத்தில் நிறுத்தினார்.

“விஜிதா, அடியில தனியா ஒரு சொல் நிக்குது, பாரும். இந்த நூலில பக்க எண் இல்லை. தாள் குழம்பாமலிருக்க, அடுத்த தாளின்ர முதற்சொல்லை இங்க எழுதிவிடுவினம். இதுவரைக்கும் எல்லாத் தாளிலயும் பொருந்துது, இங்க பொருந்தேல்லை. அப்ப நாங்கள் தேடுற தாள் இந்தச் சொல்லிலதான் துவங்கோணும்.”

“எங்களுக்கு அரபு தெரியாதே?”

“வடிவத்தைப் பாத்தால் போதும்.”

நூலின் மறுமுனைக்குப் போய், இடப்பக்கத்திலிருந்து எட்டாவது தாளை உருவினார். அதன் உச்சியில் அதே சொல் இருந்தது.

“அரபு நூல் வலப்பக்கமிருந்து துவங்கும். பிள்ளை எங்கட பழக்கத்தில இடப்பக்கமிருந்து எண்ணியிருக்கிறா. களவுமில்லை, கள்ளியுமில்லை.”

அதையே டேனிஷ் மொழியில் சொன்னதும் யூனுஸ் இரண்டு சொற்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எட்டாவது என்றேனே தவிர எந்தப் பக்கமிருந்து என்று சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு, மகளே.”

“நூலைக் கொண்டு போகப்போகிறீர்களா?” என்று கேட்டாள் கிருசாந்தி.

“வாசிக்க வருகிற எவருக்கும் என்றுதான் இதை எழுதி வைத்தார்கள். வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டினால், அந்த நூலகத்தை நானும் ஒருமுறை எரித்ததாகிவிடும்.”

துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, நூலை அவளிடம் நீட்டினார்.

“வருகிறவர்களுக்கு நீயே புரட்டிக் காட்டு.”

கிருசாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வலப்பக்க அட்டையைத் திறந்தாள்.