ஜீரோ தண்ணீர்

போன் அலறியது.

காலை மணி ஆறு ஐந்து. இன்ஸ்பெக்டர் எழிலரசி வாயில் பிரஷ்ஷோடு எடுத்தாள். மறுமுனையில் ஏட்டு கண்ணாயிரம்.

"மேடம், வேங்கிக்கால் ஏரியில ஒரு பொணம் மிதக்குது. ஆம்பள."

"வெளிய எடுத்தாச்சா?"

"எங்க எடுக்கறது? முப்பது பேர் நிக்கறான், முப்பது பேரும் செல்போன்ல படம் எடுக்கறான். ஒரு கை பிடிங்கடான்னா ஒருத்தன் வரல."

எழிலரசி வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினாள்.

எட்டு மணிக்குப் பிணத்துக்குப் பெயர் கிடைத்தது. சகாதேவன். வயது முப்பத்தாறு. பிளம்பர்.

ஒன்பதரைக்குக் கொலைகாரனும் 'கிடைத்து' விட்டான்!

சுப்பன். இறந்தவனின் மனைவி கன்னியம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். முந்தாநாள் அவர்கள் வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. சகாதேவன் குடித்துவிட்டு வந்து, தாய்மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டை எட்டி உதைத்திருக்கிறான். கோபத்தில் சுப்பன், "உன்னை ஏரியில முக்கிக் கொல்றேன் பாரு" என்று பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியிருக்கிறான்.

ஏரி. முக்கிக் கொலை. எழிலரசியின் மேலதிகாரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பத்தே நிமிடத்தில் துப்புத் துலக்கிய களைப்பில் இரண்டாவது காபி சொன்னார். மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் வாங்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பதினொன்றரைக்குப் பிரேதப் பரிசோதனை முடிந்தது. டாக்டர் அருணாதேவி கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"முக்கித்தான் கொன்னிருக்காங்க. நுரையீரல் பூரா தண்ணி. ஆனா ஏரியில இல்ல எழில்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஏரித் தண்ணின்னா சேறு இருக்கும், பாசி இருக்கும். இது பாட்டில்ல வாங்கின தண்ணி மாதிரி பளிச்சுன்னு இருக்கு. வேற எங்கயோ முடிச்சிட்டுக் கொண்டுவந்து போட்டிருக்காங்க."

எழிலரசி மேலதிகாரியிடம் ஓடினாள். ஏரியில் மேல் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று அவர் விளக்கம் கொடுத்தார். அந்த ஏரியை அவர் ஜீப்பிலிருந்துகூட எட்டிப் பார்த்தது கிடையாது.

"அஞ்சு மணி வரைக்கும் டயம் கொடுங்க சார்" என்றாள். வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார்.

ஸ்டேஷன் வாசலில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. காதில் குத்திய புண்கூட இன்னும் ஆறவில்லை.

"புருசன் போயிட்டாரும்மா. எங்கண்ணனையும் எடுத்துக்காதீங்க. அது வாயாலதான் கத்தும், ஒரு கோழிய அறுக்கச் சொன்னாகூடப் பக்கத்து வீட்டாள கூப்புடும்."

எழிலரசி அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். நேற்று சகாதேவன் எங்கே போனான் என்று கேட்டாள்.

கன்னியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். வேங்கிக்காலில் புதிதாக வந்திருக்கும் வீடுகளில் ஒரு 'கடல்மீன் வீடு' இருக்கிறதாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அங்கே ஒரு டிரம்முக்குக் குழாய் மாட்டப் போயிருந்தான். உச்சி வெயிலில் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, வெளியே மோட்டார் பைப்பில் பிடித்துக் குடி என்றாராம் வீட்டுக்காரர். மீனுக்கு ஊற்றுவதை மனுசனுக்குத் தரமாட்டான் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம். அதே ஆள் நேற்று மதியம் போன் செய்து கத்தினார். நாலு மணிக்குப் போனவன்தான்... திரும்பவில்லை.

எழிலரசி எழுந்தாள்.

"ஏட்டய்யா, வண்டிய எடுங்க."

கோதண்டராமன். வயது ஐம்பது. பெங்களூரில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருந்துவிட்டு, சம்பாதித்தது போதும் என்று திருவண்ணாமலைக்கு வந்து வீடு கட்டியவர். உலகத்தில் அறிவுள்ளவர்கள் மொத்தம் ஐந்தாறு பேர் என்பது அவர் கணக்கு. மீதிப் பேரைத் தேட அவர் சிரமப்பட்டதில்லை, தான் ஒருவரே போதும் என்று விட்டுவிட்டார்.

"பூட்ஸை வெளிய விட்டுட்டு வாங்க. கண்ணாடிய மட்டும் யாரும் தொடாதீங்க."

இதுதான் வரவேற்பு. உட்காரச் சொல்லவில்லை.

ஹாலில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. நீல விளக்கு. உள்ளே பவளங்கள் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. இரண்டே இரண்டு ஆரஞ்சு மீன்கள் எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அவர் மனைவி ஆதிலட்சுமி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "காபி..." என்று ஆரம்பித்தாள். கோதண்டராமன் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் உதறினார். அவள் உள்ளே போனாள்.

"சகாதேவனை நேத்து கூப்பிட்டீங்களா சார்?"

"கூப்பிட்டேன். வரல. இந்த ஆளுங்க சொன்ன நேரத்துக்கு என்னைக்கு மேடம் வந்திருக்காங்க?"

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

"முயற்சி பண்றேன் சார்."

கோதண்டராமனின் பார்வை தொட்டிப் பக்கம் போனது. யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி அவருக்கு. சொல்ல ஆரம்பித்தார். கடல்மீன் தொட்டிக்கு ஊர்த் தண்ணீர் விஷம். அதனால் தண்ணீரை நாலு ஃபில்டரில் விட்டு, அதில் கரைந்திருக்கும் உப்பையும் உலோகத்தையும் கடைசித் துளிவரை எடுத்துவிட வேண்டும். கரைந்ததை அளக்கிற மீட்டர் வைத்தால் ஜீரோ காட்ட வேண்டும். அதைச் சாப்பாட்டுப் பொருள் வைக்கிற தரமான பிளாஸ்டிக் டிரம்மில் சேமிக்க வேண்டும். தூசி விழக்கூடாது, கொசு முட்டையிடக்கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். முக்கியமாக, உலோகம் படக்கூடாது. அவ்வளவு சுத்தமான தண்ணீர் பசியோடு இருக்கும், எதில் பட்டாலும் அதைக் கரைத்துக் குடிக்கும். தொட்டியில் ஊற்றுவதற்கு முந்தின நாள்தான் கடல் உப்புக் கலக்க வேண்டும்.

"இந்த ஊர்ல இதை ஒழுங்கா செய்யற ஒரே ஆள் நான். மத்தவன் எல்லாம் கேன் தண்ணி குடிச்சிட்டு அதையே சுத்தம்னு நினைச்சிட்டிருக்கான்."

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தார். எழிலரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால். இந்த ஆள்தான் என்று மனசு சொல்லியது. மனசு சொன்னதை மாஜிஸ்திரேட்டிடம் காட்ட முடியாது. சாட்சி இல்லை. தடயம் இல்லை. இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சுப்பன் உள்ளே போய்விடுவான்.

அவள் ஒரு பொய்யை எடுத்தாள்.

"அப்படியா சார்? ஆனா ஒரு சின்னக் குழப்பம். சகாதேவன் வயித்துல இருந்த தண்ணிய டாக்டர் மீட்டர் வெச்சுப் பார்த்தாங்க. அறுநூறு காட்டுச்சு."

"அப்போ ஏரித் தண்ணி. இல்ல போர் தண்ணி. என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"நீங்க ஜீரோன்னு நினைச்சிட்டிருக்கற தண்ணியும் அறுநூறுதானோன்னு ஒரு சந்தேகம். ஃபில்டர் விக்கறவனுங்க நிறைய ஏமாத்தறாங்க சார். நல்லா படிச்சவங்களே ஏமாந்துடறாங்க."

கோதண்டராமனின் காது சிவந்தது.

"யாரு ஏமாந்தது?"

"நீங்க சொன்னீங்களேன்னு நம்பினேன். டாக்டர் பொய் சொல்வாங்களா? டிரம் தண்ணி அறுநூறுதான் சார். பவளம் செத்ததுக்குக்கூட அதான் காரணமா இருக்கும்."

இந்த இடத்தில் ஒரு வினாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கோதண்டராமன் தப்பித்திருப்பார். அவரால் எதை வேண்டுமானாலும் செய்ய முடியும். எதிரில் இருப்பவர் தப்பாகச் சொல்வதைத் திருத்தாமல் இருக்க மட்டும் முடியாது.

"மீட்டர் பிடிக்கத் தெரியாதவங்களை எல்லாம் யாரு டாக்டராக்கினது? நேத்து சாயந்தரம் நாலு மணிக்கு நானே அந்த டிரம்ல மீட்டர் வெச்சேன். ஜீரோ! ஜீரோ தண்ணிய குடிச்சுச் செத்தவன் வயித்துல அறுநூறு எப்படி வரும்? கொஞ்சமாவது யோசிக்க..."

நிறுத்தினார்.

கண்ணாயிரம் ஓரடி முன்னால் வந்தார்.

"யோசிக்கறேன் சார்" என்றாள் எழிலரசி மெதுவாக. "நேத்து அவன் வரவே இல்லன்னீங்க. வராதவன் உங்க டிரம்ல எப்படி சார் தண்ணி குடிச்சான்?"

கோதண்டராமன் சோபாவில் உட்கார்ந்தார். முகத்தில் பயம் இல்லை, சலிப்புதான் இருந்தது. தேர்வில் விடை தெரிந்தும் தப்பாக எழுதிவிட்டவனின் சலிப்பு.

சரி, இதுவரை கொடுத்த மரியாதை போதும். கோதண்டராமன் சொல்ல ஆரம்பித்தான்.

ஏழு வருடமாக வளர்த்த பவளங்கள் பத்து நாளில் வெளுத்துச் செத்தன. சோதனைத் திரவம் ஊற்றிப் பார்த்தான். தண்ணீரில் தாமிரம்! பவளத்துக்கு அதைவிடக் கொடிய விஷம் கிடையாது. வீட்டில் புதிதாக நுழைந்தது ஒன்றே ஒன்றுதான், சகாதேவன் டிரம்மில் மாட்டிய குழாய். பிளாஸ்டிக் குழாய் மாட்டு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மாட்டியிருந்ததோ பளபளவென்று பித்தளை. பித்தளையில் முக்கால்வாசி தாமிரம்தானே.

நேற்று பிரதோஷம். ஆதிலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். சகாதேவன் வந்தான். நான் சரியாத்தான் மாட்டினேன் சார், என்று எதிர்த்துப் பேசினான். டிரம்முக்குள் குனிந்து பார் என்றான் இவன். குனிந்தவனின் காலைத் தூக்கிப் பிடித்தான். அவ்வளவுதான். இருட்டிய பிறகு கார் டிக்கியில் ஏற்றி, கூப்பிடு தூரத்தில் இருந்த ஏரியில் போட்டுவிட்டு வந்து, டிரம் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டுக் குளித்தான்.

"ஒரு குழாய்க்காக ஒரு உசுரா?" என்றாள் எழிலரசி. விலங்கை எடுத்து அவன் கையில் மாட்டினாள்.

"குழாய்க்காக இல்ல. சொன்னதைக் கேட்காத முட்டாள்தனத்துக்காக. அந்த மாதிரி ஆளுங்க ஊர்ல ஜாஸ்தி. ஒண்ணு கம்மியாச்சு."

எழிலரசி செல்போனை எடுத்தாள். மேலதிகாரிக்குப் போன் போட்டாள். சுப்பனை விட்டுவிடுங்கள், ஆள் இங்கே இருக்கிறான் என்றாள். மணி மூன்றே முக்கால். அந்தப் பக்கம் காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, தனக்கும் ஆரம்பத்திலிருந்தே சுப்பன் மேல் சந்தேகம் இல்லை என்று பதில் வந்தது.

கண்ணாயிரம் பின்கட்டில் டிரம்மைச் சோதித்துக்கொண்டிருந்தார். கோதண்டராமனையும் கையில் விலங்கோடு அங்கே கூட்டிப் போனார்கள். ஆதிலட்சுமி பின்னாலேயே வந்தாள்.

கண்ணாயிரம் சாவியை எடுத்துக் குழாயைச் சுரண்டினார். பொன்னிறப் பூச்சு உதிர்ந்தது. அடியில் வெள்ளைவெளேரென்று...

"பிளாஸ்டிக்கு மேடம். மேல பெயின்ட் அடிச்சு விக்கறான். செத்தவன் சரியாத்தான் மாட்டியிருக்கான். சார் இதைத் தொட்டே பார்க்கல போலிருக்கு."

கோதண்டராமனின் முகத்திலிருந்து சலிப்பு காணாமல் போனது.

"பொய்... அப்போ தாமிரம் எங்கேர்ந்து வந்தது?"

கண்ணாயிரம் டிரம்மைச் சாய்த்தார். குழாய் மட்டத்துக்குக் கீழே நாலு விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்குள் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்தார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு! கட்டம் கட்டமாக எழுத்துப் பொறித்திருந்தது. ஓரமெல்லாம் அரித்துப் பச்சை பூத்திருந்தது.

"யந்திரத் தகடு மேடம்."

"நான்தான் போட்டேன்" என்றாள் ஆதிலட்சுமி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் புருஷனை மட்டும்தான் பார்த்தாள்.

"போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனப்போ ஒருத்தர் கொடுத்தாரு. வீட்ல தண்ணி சேர்த்து வெக்கற இடத்துல போட்டா கண்திருஷ்டி கழியும்னாரு. மீனை எல்லாரும் கண்ணு வெக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? போடலாமான்னு கேக்க வந்தேன். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடு'ன்னீங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூடிட்டேன்."

கோதண்டராமன் பேச வாயைத் திறந்தான். ஐம்பது வருடத்தில் முதல்முறையாகத் திருத்துவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜீப் கிளம்பியது. கலெக்டர் ஆபீஸைத் தாண்டும்போது அவன் தொண்டையைச் செருமினான். நாக்கு உலர்ந்துவிட்டது, ஜெயிலில் குடிக்கிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டான்.

கண்ணாயிரம் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"போர் தண்ணிதான் சார். ஆனா ஊத்திக் குடுக்கறது அலுமினிய டம்ளர்ல. செம்பு கிடையாது. தைரியமா குடிங்க!"