விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

"டார்ச்சை அணைங்க!"

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்... பெண் குரல். படியில் வைத்த காலோடு அவன் நின்றுவிட்டான்.

மூன்று மாடிப் பழைய ஜவுளிக்கடை மாளிகை அது. மூடிப் பல வருஷம். நீள நீளமான மர மேசைகள், இரும்புக் கூண்டு லிஃப்ட், உடுத்திப் பார்க்கும் அறைகளில் மங்கிப்போன நிலைக்கண்ணாடிகள். கட்டடம் நிற்குமா, இடிக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டிய இன்ஜினியர் அவன். பகலில் அலுவலகம். இருட்டிய பிறகுதான் இங்கே வர முடியும்.

"இருட்டுல படம் எடுக்க, பத்து நிமிஷமா கேமராவைத் திறந்து வச்சிருந்தேன். உங்க வெளிச்சத்துல எல்லாம் வெள்ளையாப் போச்சு!"

டார்ச்சைத் தாழ்த்துவதற்குள் பார்த்துவிட்டான்... கோபத்தில் அகன்ற இரண்டு கண்கள். பிறகு சுவரைப் பார்த்தான்.

"இங்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுங்க எங்கே?"

"அதுவா? தெரு வெளிச்சத்துல மினுக்கி என் படத்தைக் கெடுத்துச்சு. சுரண்டி எடுத்துட்டேன்." குரலில் பெருமை. "யாரோ குப்பையை ஒட்டி வச்சிருக்காங்க."

"அந்த யாரோ நான்தான்."

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடியை ஒட்டி வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மாதக்கணக்கில் உடையாமல் இருந்தால் கட்டடம் பிழைத்தது. அவன் காத்திருந்த நாளெல்லாம் அவள் சுரண்டியதில் போயிருந்தது.

"ஐயோ... திருப்பி ஒட்டுங்க. நான் டார்ச் பிடிக்கிறேன்."

"தினமும் வந்து பார்க்கணும்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"வர்றேன். தப்பு என்னோடதாச்சே!"

வந்தாள். மழையிலும் வந்தாள்... கூந்தல் நுனியில் நீர் சொட்ட, கேமராவை மட்டும் நனையாமல் அணைத்துக்கொண்டு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பெயர் வைத்தாள்.

"மாமியார் எப்படி இருக்காங்க?"

"உடையல."

"அவங்க எங்கே உடைவாங்க? மத்தவங்களைத்தான் உடைப்பாங்க!"

மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிப் பழகியவன், சத்தமாகச் சிரித்தான். அது வெற்றுக் கூடத்தைச் சுற்றி வந்தபோது வேறு யாரோ சிரிப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் அவள் பிளாஸ்க்கோடு வந்தாள். கேலி இல்லை. குரல் மெத்தென்று இருந்தது.

"டீ குடிங்க. ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?"

அவனுக்குப் புரிந்தது. "வாட்ச்மேன் சொல்லிட்டாரா?"

"ம்... உங்க மனைவி தவறி மூணு வருஷமாமே."

"பாவம்னும் சொல்லியிருப்பார்."

"நான் அப்படி நினைச்சு..."

"நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

அதன்பின் அவன் தனியாகப் போனான். கண்ணாடிகள் உடையவில்லை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

அக்கா போன் செய்தாள். "டேய், குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"பழையபடி. நடுவுல கொஞ்ச நாள் நல்லா இருந்தியேடா..."

அவன் போனை வைத்தான்.

மறுநாள் மாலை, வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டு அவளுடைய போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்றான். உள்ளே அவள் படங்களின் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். கண்ணாடியைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போதும்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"எங்க அண்ணனும் கட்டட வேலைதான். அன்னைக்கே கேட்டேன். 'எந்த மடையன் தினமும் பார்க்கச் சொன்னான்'னு சிரிச்சான்."

அவனுக்குக் காது சுட்டது. "அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வாட்ச்மேன் சொன்னது போன வாரம். அதுக்கு முன்னாடி மழையில நனைஞ்சு வந்தேனே... அது எந்தப் பரிதாபத்துல சேர்த்தி, இன்ஜினியர் சார்?"

கத்தரிக்கோல் நின்றிருந்தது.

"என் மனைவியை நான் மறக்க மாட்டேன்," என்றான்.

"மறக்கச் சொன்னேனா?"

"நீங்க வராம என்னால முடியல. உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு."

இப்போது நிமிர்ந்தாள். அதே கண்கள்... கோபம் மட்டும் இல்லை. எழுந்து செருப்பை மாட்டினாள், விளக்கை அணைத்தாள்.

"நடங்க, போகலாம்."

"இன்னைக்குப் பார்க்க வேண்டிய நாள் இல்லையே..."

"அதனாலதான்."