மூன்றாவது கட்டில்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த இயந்திரத்தில் பச்சை விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது.

காது பரிசோதனைக்காரி அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. வேறு யாராவது என்றால் ஈரக்குலை நடுங்கியிருக்கும். அவளுக்கோ போன மழைக்காலத்தில் மகன் காய்ச்சலில் போனதிலிருந்து உள்ளே எல்லாமே, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல மரத்துக் கிடந்தது. ஒயரில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் ஒருவரை ஹெட்போன் மாட்டி உட்காரவைப்பாள். வெளியிலிருந்து, ஏதாவது ஒரு காதுக்கு மட்டும், மெல்லிய ஒலி அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார், இங்கே விளக்கு எரியும்.

இன்றைய ஆட்கள் முடிந்து, டாக்டரும் கிளம்பியாயிற்று. ஜன்னலில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரில், அவளும் கணவரும் விடுமுறைக்குப் போகவிருக்கும் தீவின் ஒலி ஓடிக்கொண்டிருந்தது. குளிரும் கொல்லாது, வெயிலும் கொளுத்தாது, மலையிலிருந்து கடல்வரை காடாகவே இறங்கும் தீவு. அங்கே விடுதிக்காரர்கள் குடிலின் படத்தை அனுப்புவதில்லை. ஒவ்வொரு குடிலைச் சுற்றியும் கேட்கும் ஒலியைப் பதிந்து அனுப்புகிறார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஓடைக் குடிலைக் கேட்டாயிற்று, கடற்கரைக் குடிலையும் கேட்டாயிற்று. இப்போது காட்டுக் குடில். பெரணி இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர், மூங்கில்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் முனகல், எங்கோ ஆழத்தில் விட்டு விட்டுக் கூப்பிடும் ஒரு மரத்தவளை. கம்ப்யூட்டர் இயந்திரத்தோடு இணைந்திருந்ததால், உள்ளே நாற்காலியில் கிடந்த ஹெட்போனுக்கும் அதே ஒலி போய்க்கொண்டிருந்தது.

தவளை கத்தியது. விளக்கு எரிந்தது. மறுபடி கத்தியது. மறுபடி எரிந்தது.

போன் அடித்தது. கணவர்.

"என்ன, குடில் எதுன்னு பாத்தியா?"

"கேட்டுட்டிருக்கேன்."

"நீ பழக்கத்துல மூணு பேர்னு போட்டுட்ட போல. குட்டிக் கட்டில் போடவான்னு கேக்கறாங்க." அவர் கோபப்படவில்லை. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "நீயே கூப்பிட்டு மாத்திடும்மா. என்னால அதைச் சொல்ல முடியல."

"சரிங்க."

பள்ளிக்கூடம் விட்டதும் மகன் நேரே இங்கேதான் வருவான். அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒலியே அனுப்பாதபோதும் பொத்தானை அழுத்துவான். "உனக்குத்தான் கேக்கல, எனக்குக் கேக்குது" என்று சிரிப்பான். தவளை என்றால் உயிர்.

அவள் மைக்கை அருகில் இழுத்தாள். "கண்ணா, நீயா?"

விளக்கு எரிந்தது.

"எங்ககூட வர்றியா?"

எரிந்தது. இந்த முறை அணையவில்லை. மாதக்கணக்காக மரத்திருந்த இடத்தில் சுருக்கென்று வலித்தது. வலிக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கை தானாக விடுதிக்காரியை அழைத்தது.

"காட்டுக் குடில்தாங்க வேணும்."

"குட்டிக் கட்டில் போட்டுடவா?"

"போட்டுடுங்க. மூணு பேர்தான் வர்றோம்."

போனை வைத்தபோது விளக்கு அணைந்திருந்தது. இன்னும் ஏதாவது பேசலாம் என்று மைக்கைத் தொட்டவளின் கண் இயந்திரத்தின் திருகில் நின்றது. கடைசியாக வந்த ஆளுக்கு வைத்தது அப்படியே இருந்தது. இடது காது மட்டும்.

தவளை, மூங்கில், மைக்கில் இவள் பேசியது, எல்லாமே இடது காதுக்குத்தான் போயிருக்கின்றன.

அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது. வருடா வருடம் இதே அறையில் அவளேதான் சோதித்தாள். முழுச் சத்தம் வைத்தாலும் விளக்கு எரிந்ததே இல்லை. அதனால்தான் பஸ்ஸில்கூட அவளுக்கு இடப்பக்கமாகவே உட்காருவான், கேட்கிற காது அம்மா பக்கம் இருக்கட்டும் என்று.

ஒலியைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். எந்த மனிதக் காதுக்கும் எட்டாத அளவுக்கு.

எரிந்தது.

மைக்கை ஆஃப் செய்தாள். அப்புறம்தான் உதடு மட்டும் அசையக் கேட்டாள். "யாரு நீ?"

எரிந்தது.

சத்தம் நுழையாத அந்த அறையின் கதவிடுக்கிலிருந்து ஈரப் பெரணி வாசம் வந்தது. விடுதியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். போன் கையில்தான் இருந்தது. விரல்கள் மரத்துவிட்டன.

கைப்பிடி திரும்பியது. உள்ளேயிருந்து.

கதவோரத்து ரப்பர் மெல்லப் பிரிந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஈரத் தலை ஒன்று வெளியே நீண்டது. முகத்தைக் காட்டவில்லை. இடது காதை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது.