மணி அணைந்திருக்கிறது

மத்தியானம் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு லேப்டாப் அந்த எச்சரிக்கையைக் காட்டியது. அக்காவின் கோப்பு, இந்த நிமிடத்திலிருந்து 13,320 வினாடிகள் கழித்துத் திருத்தப்பட்டிருக்கிறதாம். கழித்து, திருத்தப்பட்டிருக்கிறது. தமிழாசிரியர் பார்த்தால் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இன்று மாலை ஐந்து நாற்பது.

அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

ஹாஸ்டல் நண்பனுக்குப் போன் போட்டான். எப்போது கூப்பிட்டாலும் சார்ஜ் தீரப்போகிறது என்பான். அதனால் கல்லூரி முழுக்க அவனுக்கு 'ரெண்டு பர்சன்ட்' என்று பேர்.

"டேய், பழைய லேப்டாப்புல கடிகாரம் தப்பா ஓடும்டா. நேரத்தைச் சரி பண்ணிட்டு மறுபடி ஓட விடு. இதுக்கெல்லாம் மந்திரவாதியைக் கூப்பிட முடியாது. எனக்கு சார்ஜ் வேற..."

கட்டாகிவிட்டது. அவன் நேரத்தைச் சரி செய்தான். போனும் லேப்டாப்பும் வினாடி பிசகாமல் ஒத்துப்போயின. மறுபடி ஓடவிட்டான்.

13,140 வினாடிகள் கழித்து.

மூன்று நிமிடம் குறைந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் உட்கார்ந்திருந்தது அக்காவின் அறையில். ஜன்னல் திரை எட்டு மாதமாக இழுத்து மூடியபடியே கிடந்ததால், பகல் வெளிச்சம் தேநீர் வடிகட்டியில் இறங்குவதுபோல் பழுப்பாக வந்துகொண்டிருந்தது. பவுடர் வாசனையும் கிருமிநாசினி வாசனையும் மெத்தைக்குள் ஊறிப்போய், லேப்டாப்பின் சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடத்தில் அம்மாவின் தையல் மெஷின், யாருடைய பள்ளிக்கூடச் சீருடையையோ கடகடவென்று தின்றுகொண்டிருந்தது. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அம்மா வாரம் ஒருமுறை மாற்றுகிறாள். ஏனென்று அவன் கேட்டதில்லை.

மேஜையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பழைய மவுஸிலிருந்து பிடுங்கிய ஒரே ஒரு பட்டன் அதில். அக்காவின் உடம்பு ஒவ்வொரு அங்கமாக வேலையை விட்டு நின்றபிறகு, மிச்சமிருந்தது வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான். அந்த விரலுக்காக அவளே செய்துகொண்டது இது. குட்டையாக ஒரு தட்டு, நீளமாக ஒரு தட்டு, சேர்ந்தால் எழுத்து. ஒவ்வொரு தட்டுக்கும் லேப்டாப்பின் வயிற்றிலிருந்து 'பீப்' என்று ஒரு மணி. திரையைப் பார்த்தால்தான் அவனுக்கு என்ன சொல்கிறாள் என்று தெரியும். அம்மாவுக்குத் திரையே வேண்டாம். கூடத்தில் தைத்துக்கொண்டே, கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, காதாலேயே படித்துவிடுவாள். "தண்ணி வேணுமாம், போடா" என்பாள்.

தட்டியதையெல்லாம் அந்தப் பெட்டி தன் நினைவில் வைத்திருக்கும். கடைசி ராத்திரி உட்பட. அதைப் படிக்க அக்கா எழுதிய நிரல் வேண்டும். அந்த நிரலை அவள் ஒரு பழைய லினக்ஸ் கெர்னலின் உள்ளேயே வைத்துத் தைத்திருந்தாள். கெர்னல் என்பது கணினியின் உயிர்நிலை. அதை மூலத்திலிருந்து மொத்தமாகக் கம்பைல் செய்து கட்டியெழுப்பினால்தான் பெட்டி வாய் திறக்கும். அக்கா போனபின் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துத் தன் உபயோகத்துக்குப் புதிதாக்கிக்கொண்டவன் அவன்தான். மூல நிரல் மட்டும் ஒரு பென்டிரைவில் தப்பியிருந்தது.

"கடைசியா எதாவது சொல்லியிருப்பாடா. உன்னால ஆகலைன்னா சொல்லு. அவ ஆபீஸ் தோழி நாளைக்கு வரேன்னிருக்கா, ஒரு மணி நேர வேலையாம் அவளுக்கு" என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள்.

அதனால்தான் இன்றைக்கே. அந்தத் தோழி படிப்பதற்கு முன் அவன் படித்தாக வேண்டும். படித்துவிட்டு அழித்தாக வேண்டும்.

வாழ்க்கையில் முதல்முறை கெர்னல் கட்டுகிறவனுக்குப் பிழைகள் வரிசையில் நின்று மாலை போடும். ஃப்ளெக்ஸ் என்ற கருவி இல்லை என்றது, நிறுவினான். பைசன் இல்லை என்றது. காட்டெருமை எதற்கு என்று கேட்காமல் அதையும் நிறுவினான். ஏதோ ஒரு சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்றது. சான்றிதழ் கேட்பதில் கல்லூரி அலுவலகத்துக்கு இது அண்ணன் என்று முணுமுணுத்தபடி அந்த வரியைக் காலியாக்கினான். ஹார்ட்டிஸ்க்கில் இடமில்லை என்றது. தான் பார்க்காத பன்னிரண்டு பாடக் காணொளிகளை மனநிறைவோடு அழித்தான். நடுவில் அது ஆயிரம் கேள்வி கேட்டது, இந்தக் கருவி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று. புதிதாய் வருகிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான்: என்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கேள்விகள் மழைபோல் ஓடின. பதில்கள் தாமாக விழுந்தன. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

மூன்று பத்துக்கு அக்காவின் நிரல் வரை வந்து நின்றது.

பிழை: மணி அணைந்திருக்கிறது. முதலில் அதைப் போடு, மடையா.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பைலர் இப்படிப் பேசாது. மணி இல்லாமல் யாராவது கட்டினால் இதைக் காட்டி நிறுத்து என்று அக்காவே நிரலில் எழுதி வைத்திருக்கிறாள். வீட்டில் அவனை மடையா என்று கூப்பிட அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. அந்த உரிமையை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

ஆனால் சிரிப்பு அதற்குமேல் நீளவில்லை.

ஏனென்றால் அந்த மணியை அணைப்பது எப்படி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோப்பில் ஒரு வரி. அந்தக் கடைசி ராத்திரி, அக்காவைப் பார்த்துக்கொள்வது அவன் முறை. மூன்று ராத்திரி கண்விழித்த அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அக்கா பதினொரு முறை கூப்பிட்டாள். தலையணை. மூக்கில் அரிப்பு. கொசு. ஃபேன் வேகம். மறுபடி தலையணை. பன்னிரண்டாவது முறை ஒன்றுமே இல்லை, "சும்மா, நீ இருக்கியான்னு பாத்தேன்" என்று எழுதினாள். அவன் சிரித்தான், போர்வையைச் சரி செய்தான், கூடத்துக்கு வந்தான், தன் போனிலிருந்தே லேப்டாப்புக்குள் அந்த ஒரு வரியை எழுதினான். அரை மணி நேரம்தான். அரை மணி நேரம் தூங்கிவிட்டு எடுத்துவிடுகிறேன்.

கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. அம்மா எழுவதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டான். அக்காவைத் தொட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்த வரிசை அவனுக்கு மட்டும் தெரியும்.

"தூக்கத்துலயே போயிட்டா, புண்ணியவதி. ஒரு தரம்கூடக் கூப்பிடல" என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுகிறாள், தைக்கிறாள், சாப்பிடுகிறாள்.

மணியைப் போட அவனுக்கு மனம் வரவில்லை. அக்காவின் கோப்பைத் திறந்து, அந்தப் பிழை வரியைத் தேடி, அழித்தான். சேமித்தான். ஓடவிட்டான். எழுத்துகள் திரையில் ஏறிக்கொண்டே போயின. லேப்டாப்பின் காற்றாடி, சளி பிடித்த குழந்தைபோல் கரகரவென்று மூச்சு விட்டது. ஏதோ ஒரு நேரத்தில் தையல் மெஷினின் ஓசையும் காற்றாடியின் ஓசையும் ஒன்றாய்க் கலந்து, அவன் கண் சொருகியது.

நான்கு நாற்பது. நின்றிருந்தது.

எச்சரிக்கை: 3,600 வினாடிகள் கழித்து.

பிழை: மணி அணைந்திருக்கிறது. போடு.

அதே வரி எண். கோப்பைத் திறந்தான். அவன் அழித்த இடத்தில் அது இருந்தது. 'மடையா' என்ற சொல் மட்டும் இல்லை. சேமிக்க மறந்திருப்பேன், என்று வாய்விட்டுச் சொன்னான். அறையில் அந்தக் குரல் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது. மறுபடி அழித்தான். சேமித்தான். மூடித் திறந்து பார்த்தான். வரி இல்லை. ஓடவிட்டான்.

"அம்மா," என்று கத்தினான். "யாராவது உள்ள வந்தாங்களா, நான் தூங்குறப்போ?"

"யார்ரா வரப்போறா?" மெஷின் நிற்கவில்லை. "ஆச்சா, இல்லியா? அந்தப் பொண்ணுக்கு போன் போடட்டா?"

"ஆகுது ஆகுது."

ஐந்து பன்னிரண்டு.

பிழை: மணி அணைந்திருக்கிறது. போடு, தம்பி.

அக்கா அவனை அப்படிச் சாதாரணமாகக் கூப்பிட்டதே இல்லை. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில் இல்லை. மூச்சு முட்டும்போது மட்டும். விரல் நடுங்கி, எழுத்துகள் விட்டுவிட்டு வரும்போது மட்டும்.

இந்த முறை கோப்பைத் திறக்கவில்லை. அமைப்புப் பட்டியலுக்குப் போனான். மணி. வேண்டாம் என்றிருந்ததை வேண்டும் என்று மாற்றினான். ஓடவிட்டான். ஒரு பிழையும் இல்லை. ஒரு எச்சரிக்கையும் இல்லை. முழு மத்தியானமும் முரண்டு பிடித்த வேலை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கி முடிந்தது. மறுதொடக்கம். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. பெட்டியைச் செருகினான்.

அந்த ராத்திரி திரையில் விழுந்தது.

2:10 தம்பி.
2:11 தம்பி.
2:11 தம்பி மூச்சு.
2:14 தம்பி.

கீழே இறக்கினான். இறக்கினான். பக்கம் பக்கமாக அந்த ஒரு சொல். மூன்று மணிக்கு மேல் அதுவும் சிதைந்தது. த. ம். த. நான்கு மணிக்குமேல் எழுத்தே இல்லை, வெறும் தட்டுகள். கடைசித் தட்டு 5:40. அந்த ஒன்று மட்டும் மிக நீளம். விரல் எடுக்கப்படவே இல்லை.

மூன்றரை மணி நேரம். அவன் படுத்திருந்தது எட்டடி தூரத்தில்.

அவன் அழவில்லை. அழுதால் அம்மா வந்துவிடுவாள். அழிக்கும் கட்டளையை அடித்தான். நிச்சயமா என்று கேட்டது. ஆம். நினைவு காலி.

"என்னடா ஆச்சு?" அம்மாவின் குரல். "எதாவது இருந்துச்சா?"

வாயைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணும் இல்லம்மா. காலியா இருக்கு. நீ சொன்ன மாதிரிதான். தூங்கிட்டா போல."

"ம்." ஒரு பெருமூச்சு. "போதும் சாமி. அது போதும் எனக்கு."

மெஷின் மறுபடி கடகடத்தது.

போனில் ஐந்து நாற்பது.

பீப்.

மெஷின் நின்றது.

பீப். நீளமாக ஒன்று. பட்டன் உள்ளே போயிருந்தது. மேலே வந்தது. அவன் கை மேஜையில் இல்லை. யாருடைய கையும் மேஜையில் இல்லை.

"இதோ வந்துட்டேண்டி, வந்துட்டேன்!" முட்டி வலிக்காரி ஓடிவந்தாள். எட்டு மாதமாக ஓடாதவள். கழுத்தில் அளவு நாடா. முகத்தில் பயம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பட்டன் நின்றது. அமைதி. காற்றாடி மட்டும்.

"ஏண்டா பிடுங்கினே? பேசிட்டிருக்கா இல்ல!"

"அம்மா, அது கோளாறும்மா. கரண்ட்டு. நீ வெளில போ..."

அப்போது அவன் வலது புறங்கையில் ஏதோ பட்டது. ஈரமில்லை. சூடுமில்லை. ஒரு விரல்நுனி அகலம். அழுத்தியது.

பீப்.

எடுத்தது. அழுத்தியது.

பீப்.

கையை இழுத்தான். வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை. கை வரவில்லை.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்தாள். உதடுகள் அசைந்தன, பழையபடி, ஒவ்வோர் எழுத்தாக.

"'அன்னைக்கு'ங்குறா." சிரித்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது. "எவ்ளோ அழகா தட்டுறா பாரு, நடுக்கமே இல்ல."

"அம்மா, கேக்காத."

"சும்மா இருடா. 'ராத்திரி'..."

பீப். பீப். நீளமாக ஒன்று.

"'தம்பி'..." அம்மா கண்ணைத் திறக்காமலே கையால் அவனை அமர்த்தினாள். "உன்னைப் பத்திதாண்டா ஏதோ. 'தம்பி, மணியை'... மணியையா? இரு, இரு. இன்னும் சொல்றா."

அவன் புறங்கையில் தோல் குழிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குழிந்தது. அம்மாவின் உதடுகள் அடுத்த எழுத்துக்காக லேசாகத் திறந்திருந்தன.