பன்னிரண்டாவது குவியல்

யொம் துசிக் செத்துக் கிடந்த அறையில் எல்லாம் கலைந்து கிடந்தன, சீட்டுகளைத் தவிர.

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தில், கருவாட்டுக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்த அறை. இரவெல்லாம் அங்கே சூதாட்டம் நடக்கும். பகலில் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விடுவார்கள். அன்று டிசம்பர் காலை எட்டு மணிக்கு, சந்தையிலிருந்து முளைகட்டிய பயறு வாங்கிக்கொண்டு திரும்பிய ஓக் மல்லே கதவைத் திறந்தாள். அடியில் கணப்பு மூட்டிச் சூடாக்கிய தரையில் கிழவன் குப்புறக் கிடந்தான். அரிசிக் கள்ளுக் கிண்ணம் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. அவள் அலறவில்லை. கீழே இறங்கிப் போய்ப் போலீசுக்குப் போன் செய்தாள். அலறாததே அவளுக்கு வினையாக முடிந்தது.

துப்பறிவாளர் பியோ கிதால் வந்து சேர்ந்தபோது ஹாம் உஜின் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். எப்போதும் அப்படித்தான். ஹாமுக்கு முப்பத்தொன்று, பியோவுக்கு நாற்பத்தொன்பது. பியோ எட்டு வருஷமாகக் காத்திருந்த இன்ஸ்பெக்டர் பதவி போன மாதம் ஹாமுக்குப் போயிற்று. அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் பியோவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ பியோவைப் பார்த்ததும் குனிந்து வணங்கி, "வாங்க அண்ணே, வழி வழுக்குதா?" என்று கேட்டான்.

"வழுக்கல," என்றார் பியோ.

கிண்ணத்தில் சயனைடு இருந்தது. கள் கெண்டியில் இல்லை. யொம்மின் இடது சட்டைக் கையில் உள்மடிப்புத் தையல் பிரிந்திருந்தது. துடித்தபோது கிழிந்திருக்கும் என்றான் ஹாம். மேஜைமேல் விரித்த கம்பளியின் நடுவே பூச்சீட்டுகள் நேர்த்தியாக வைக்கப்பட்டிருந்தன. மாதத்துக்கு ஒரு பூ, பூவுக்கு நாலு சீட்டு என்று பன்னிரண்டு குவியல், மொத்தம் நாற்பத்தெட்டு. தேவதாருவில் தொடங்கி, பிளம், செர்ரி என்று போய், கடைசி இரண்டில் குடை பிடித்த மழைக்காரனும், அடுத்து பவுலோனியா மரத்துப் பறவையும். ஒன்றும் குறையவில்லை என்று எழுதிக்கொண்டு ஹாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போனான்.

பியோ மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏனோ தன் மனைவியின் தம்பி நினைவுக்கு வந்தான். ஒசாகாவிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை அறுவடைத் திருநாளுக்கு வந்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் பரிசு கொடுத்து, ராத்திரி சீட்டுப் போட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டுப் போகிறவன். அவன் சட்டைத் துணியை நினைத்தாலே பியோவுக்கு வயிறு எரியும். இப்போது எதற்கு அந்த நினைப்பு என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார்.

காலை பத்து மணிக்குள் ஹாம் வழக்கை முடித்துவிட்டான்.

முந்தின இரவு மேஜையில் நாலு பேர். வீட்டுக்காரன் யொம், அவனோடு பத்து வருஷமாக வாழ்ந்து சீட்டுப் பிரித்துப் போடும் மல்லே, படகு எஞ்சின் பழுது பார்க்கும் தக் பில்கு, மூன்று மாதமாக வந்துபோகும் கைக்கடிகார வியாபாரி பேக் கியுசொக். விடிந்ததும் பில்குவும் கியுசொக்கும் ஒன்றாகவே வெளியேறினார்கள். அப்போது யொம் உயிரோடு வாசலில் நின்று இருமினான். பில்கு படகுத் துறைக்குப் போனான், பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். கியுசொக் பொதுக் குளியலறைக்குப் போனதாகச் சொன்னான். அங்கே ஆவியில் யார் எப்போது வந்தார்கள் என்று குளியலறைக்காரனுக்கே தெரியவில்லை.

"கிழவன் தனக்குத் தானே ஊத்திக் குடிக்கிற ஆள் இல்லண்ணே," என்றான் ஹாம். "யாரோ எதிர்ல உக்காந்து ஊத்திக் குடுத்திருக்காங்க. வீட்ல இருந்தது அவ ஒருத்திதான். அவ அண்ணன் முலாம் பட்டறைல வேலை பாக்கறான், சயனைடு அங்க கிடைக்கும். போதாததுக்கு, அடுத்த மாசம் குவாங்ஜுவிலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து மேஜைல உக்கார வைக்கப் போறேன்னு கிழவன் சொல்லியிருக்கான். பொறாமை."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஹாம் பியோவின் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்தே பார்க்கவில்லையோ என்று பியோவுக்குத் தோன்றியது.

மதியம் இரண்டு மணிக்கு மல்லேயை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. மேலதிகாரி பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியனுப்பிவிட்டார். அங்கே போய்விட்டால் அவளுக்கு மீட்சி இல்லை. சூதாட்ட வீட்டுப் பெண்ணின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்?

பியோ லாக்கப்புக்குப் போனார். மல்லே சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிலும் அவள் விரல்கள் மட்டும் வேறு யாருடையதோ போல நீளமாக, மெலிந்து இருந்தன.

"நீங்க எதுக்கு சார் வந்தீங்க? பெரிய சார்தான் முடிவு பண்ணிட்டாரே."

"அவர் பெரிய சார் இல்ல. என் ஜூனியர்."

அவள் சிரித்தாள். "முகம் பாத்துப் பொழைக்கிறவ சார் நான். அவரு தப்புன்னு காட்டணும்னு வந்திருக்கீங்க. நான் குத்தவாளியா இல்லையாங்கறது உங்களுக்கு ரெண்டாம் பட்சம்."

யொம் மேல் வேறு யாருக்குப் பகை என்று பியோ கேட்டார். இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை என்றாள் அவள். பில்குவின் படகு சூதில் போனது யொம்மின் மேஜையில்தான். அதோடு அவனுக்குத் தன் மேல் ஒரு கண் என்றும் சொன்னாள். ஆனால் அவன் கோபம் வந்தால் கையால் அடிக்கிறவன், விஷம் கலக்கிறவன் இல்லை.

பிறகு தயங்கி, ஒரு பழைய கதையைச் சொன்னாள். இருபது வருஷத்துக்கு முன் யொம்முக்குத் தோ மன்ஹோ என்று ஒரு கூட்டாளி இருந்தான். ஒருநாள் ஆட்டத்தில் அவன் சட்டைக் கைக்குள் ஐந்தாவது தேவதாருச் சீட்டு அகப்பட்டது. மாதத்துக்கு நாலுதான், ஐந்தாவது இருந்தால் அது திருட்டு. துணி துவைக்கும் கட்டையால் எல்லோர் முன்னாலும் அவன் வலது மணிக்கட்டை உடைத்தது யொம்தான். மன்ஹோ பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் படகு ஏறினான். கரை சேர்ந்தானா, கடலில் போனானா, யாருக்கும் தெரியாது.

"போன குளிர்காலத்துல குடிச்சிட்டு அழுதான் சார். அந்தச் சீட்டை வச்சதே நான்தான்னான். ஏன்யா இப்படிப் பண்ணேன்னு கேட்டேன். அவன் கை என் கையைவிட அழகா இருந்துச்சுன்னான்." அவள் தன் விரல்களை மடக்கிக்கொண்டாள். "கிழவன் மேஜைல இருந்தா என்னை ஒரு ஆட்டம்கூட ஆட விடமாட்டான். பிரிச்சுப் போடு, அது போதும்பான்."

இதை வெளியே வேறு யாரிடமாவது உளறியிருப்பானா என்று பியோ கேட்டார். குடித்தால் எல்லோரிடமும் சொல்வான் என்றாள்.

"எனக்கு ஒரு கட்டு சீட்டு குடுங்க சார். இன்னைக்கு என் கதி என்னன்னு பாத்துக்கறேன். இல்லன்னு சொல்லாதீங்க, உங்க ஆளுங்க மேஜை டிராயர்ல கட்டாயம் ஒண்ணு இருக்கும்."

இருந்தது. காவலர்கள் சாப்பாட்டு நேரத்தில் நூடுல்ஸ் பந்தயம் கட்டி ஆடும் கட்டு. பியோ கொண்டுவந்து கொடுத்தார். அவள் குறி பார்ப்பதற்கு முன் எண்ணிக்கை சரியா என்று மாதவாரியாகப் பரப்பினாள். விரல்கள் ஓடின.

"பதினொண்ணு பவுலோனியா, அது காசு. பன்னெண்டு மழை. குடைக்காரன் வந்தா விருந்தாளி வருவான். வருஷமே விருந்தாளியோடதான் முடியுது, பாருங்க."

பியோ பார்த்தார். கடைசிக் குவியல் குடைக்காரன். சட்டைப் பையிலிருந்து, யொம்மின் அறையில் எடுத்த படத்தை உருவினார். அதில் கடைசிக் குவியல் பவுலோனியா. மழை அதற்கு முந்தினது.

மச்சான் ஏன் நினைவுக்கு வந்தான் என்று இப்போது புரிந்தது. ஒவ்வொரு வருஷமும் இதே சண்டைதான். ஒசாகாவில் பவுலோனியாதான் கடைசி மாதம், நீங்கள் இங்கே மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்பான் மச்சான். நீ ஊரை விட்டுப் போனவன், உனக்கென்ன தெரியும் என்பார் பியோ. வயிறு எரிந்த எரிச்சலில், கண்ணெதிரே கிடந்ததைப் பார்க்காமல் விட்டிருந்தார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

பியோ படிக்கட்டில் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தார். அவருக்குள் ஒரு எண்ணம் மெல்ல எழுந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தால் போதும். ஹாம் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவளை நிறுத்திக் கொலைகாரி என்று சொல்லட்டும். அதற்கப்புறம் மூன்று மணிக்கு நிதானமாகப் போய் உண்மையானவனை நிறுத்தினால், அந்தப் பதவி எந்த மூலையில் போய் விழும்? மல்லே ஒரு ராத்திரி கூடுதலாக உள்ளே இருப்பாள். கன்னத்தில் ரெண்டு அறை வாங்குவாள். அவ்வளவுதானே.

சிகரெட் பாதி எரிந்திருந்தது. அவன் கை என் கையைவிட அழகா இருந்துச்சு. யொம்மும் இப்படி ஒரு படிக்கட்டில் நின்றுதான் யோசித்திருப்பான், கையில் அந்த ஐந்தாவது சீட்டோடு. அவ்வளவுதானே என்று அவனும் நினைத்திருப்பான்.

பியோ சிகரெட்டை நசுக்கிவிட்டு, ஹாமின் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, மேல வா. வாயைத் திறக்காம உக்காரு."

போலீஸ் நிலைய மாடியில் சாட்சிகள் இருவரையும் தனித்தனி அறையில் வைத்திருந்தார்கள். பியோ முதலில் பில்குவிடம் சீட்டுக் கட்டைக் கொட்டினார். எங்கள் ஆட்களின் கட்டு, ஒன்று குறைகிறது என்று சண்டை, கொஞ்சம் பார்த்துச் சொல் என்றார். பில்கு கறுப்பு நூடுல்ஸ் கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் பரப்பினான். கடைசியில் மழையை வைத்தான். "எல்லாம் இருக்கு. போலீஸ்காரன் சீட்டுல குறைஞ்சா எங்ககிட்டயா கேப்பீங்க?" என்று முனகினான்.

அடுத்த அறையில் கியுசொக் கடிகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது இருபத்தொன்று வயது, ஒல்லி. காலையில் வந்ததிலிருந்து அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"சொந்த ஊரு?"

"யொசு, சார்."

"கடல் தாண்டிப் போயிருக்கியா?"

"படகுன்னாலே எனக்கு வாந்தி வரும் சார்."

பியோ சீட்டுகளைக் கொட்டி அதே கதையைச் சொன்னார். எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று இழுத்தான் கியுசொக். ஆனால் விரல்கள் சீட்டைத் தொட்டதும் அவனைக் கேட்கவில்லை. நீளமான, அழகான விரல்கள். தேவதாரு, பிளம், செர்ரி. கிரிசாந்தம், மேப்பிள். மழை. கடைசியாகப் பவுலோனியா.

"சரியா இருக்கு சார். நாப்பத்தெட்டு."

"எண்ணிக்கை சரிதான்," என்றார் பியோ. "கடைசி ரெண்டும் இடம் மாறியிருக்கு."

கியுசொக் குனிந்து பார்த்தான். நிஜமாகவே புரியாமல் பார்த்தான். மூன்று மாதம் இந்த ஊர் மேஜையில் ஆடியவன். ஆட்டத்தில் பூவோடு பூ சேர்ந்தால் போதும், எது எந்த மாதம் என்று யாரும் கேட்பதில்லை. பரப்பி எண்ணுவது வீட்டுக்காரியின் வேலை. அதனால் அவனைத் திருத்த யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

பியோ படத்தை அவன் முன் வைத்தார். "இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவன் எவனும் இப்படி வைக்க மாட்டான். மல்லே வைக்கல, பில்கு வைக்கல. ஒசாகாவுல சீட்டுப் பிடிக்கக் கத்துக்கிட்டவன் வச்சது இது. பில்குவை அனுப்பிட்டு, மல்லே சந்தைக்குப் போறவரைக்கும் தெருவுல நின்ன. திரும்ப மேல போய்க் கிழவனுக்கு ரெண்டு கையாலயும் மரியாதையா ஊத்திக் குடுத்த. கடிகாரக் கூட்டுக்கு முலாம் பூசற இடத்துல சயனைடு உனக்கும் கிடைக்கும். எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. செத்தவன் பக்கத்துல உக்காந்து எவனாவது சீட்டை அடுக்குவானா?"

ஹாம் குனிந்து படத்தைப் பார்த்தான். பியோ தொடர்ந்தார்.

"தையல் பிரிஞ்ச சட்டைக் கையைப் பாத்தப்பறம் புரிஞ்சுது. கிழவன் சட்டை மடிப்புல ஒரு சீட்டை மறைச்சுத் தச்சு வச்சிருந்தான், நீ அதைப் பிரிச்சு எடுத்த. அது கட்டுலேர்ந்து எடுத்ததா, இல்ல ஐந்தாவதான்னு உனக்குத் தெரியணும். பரப்பிப் பாத்த. கட்டு முழுசா இருந்துச்சு. அப்ப கையில இருக்கறது ஐந்தாவது. பணம் எதையும் தொடாம அதை மட்டும் எடுத்துக்கிட்ட. உங்க அப்பா மணிக்கட்டு எதுக்காக உடைஞ்சுதோ அதை. அதை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்ட, தோ கியுசொக்."

சொந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதும் அவன் பெட்டியைத் திறந்தான். கடிகாரங்களுக்கு அடியில் ஒட்டியிருந்த வெல்வெட்டை நகத்தால் கிளப்பி, சிவப்பு முதுகுள்ள சின்னச் சீட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். தேவதாருவும் கொக்கும்.

"அப்பா இடது கையாலதான் சாப்பிடறார்," என்றான். "எனக்கு ஆடச் சொல்லிக் குடுத்ததும் இடது கையாலதான். நான் திருடலடான்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அம்மாவே நம்பல. நானும் ரொம்ப நாள் நம்பல சார். அந்தக் கிழவன் குடிச்சிட்டு என் முன்னாலயே சொன்னான், சிரிச்சுக்கிட்டே." சீட்டைப் பியோவின் பக்கம் நகர்த்தினான். "இதை அவருக்கு அனுப்ப முடியுமா?"

"கேஸ் முடியறவரைக்கும் முடியாது," என்றார் பியோ.

இரண்டு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மேலதிகாரி வழக்கம்போல ஹாமின் தோளில் கை போட்டு அவனை முன்னால் நிறுத்தினார். ஹாம் விலகி, கண்டுபிடித்தது பியோ அண்ணன், நான் தவறான ஆளைப் பிடித்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினான். அதை அவன் இவ்வளவு அழகாகச் செய்ததில் பியோவுக்கு வயிறு இன்னொரு முறை பற்றி எரிந்தது.

வாசலில் மல்லே காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களே சார். முகம் இன்னும் காலைல இருந்த மாதிரியேதான் இருக்கு."

"அது அப்படித்தான் இருக்கும்," என்றார் பியோ. "நீ வழி பாத்துப் போ. வழுக்குது."