பட்டாணியின் பாலம்

பட்டாணி அழுதால் தெருமுனை வரை கேட்கும். அன்று சத்தமே இல்லை. அதனால்தான் அக்காவுக்குப் பயம் வந்தது.

காலில் மாவுக்கட்டு போட்ட நாள் முதல், பட்டாணி போனில் ஒரு விளையாட்டு உலகத்தில்தான் குடியிருந்தான். அங்கே பத்து நாள் பாடுபட்டு ஆற்றின் மேல் ஒரு கல்பாலம் கட்டியிருந்தான். போனில் இடமில்லை என்று அப்பா எதையோ அழிக்கப்போக, அந்த உலகமே போய்விட்டது.

அப்பா தையல்காரர். மெஷினை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தார். "தெரியாம பண்ணிட்டேன்டா."

"போனா என்னப்பா? திரும்ப வரவைக்கலாம்," என்றாள் அக்கா.

"எப்படிம்மா?"

"அவ்வளவு பெரிய உலகத்தை யாரும் உக்காந்து வரையல. ஆத்தோரம் மணல், மலை உச்சியில பனின்னு விளையாட்டுக்குள்ள விதிகள் இருக்கு. நாம ஒரு நம்பர் கொடுத்தா, அதை வெச்சு அந்த விதிகளே உலகத்தை உண்டாக்கிடும். அதே நம்பர் கொடுத்தா அதே உலகம் வரும். அளவுச் சீட்டு இருந்தா அதே சட்டையை மறுபடி தைப்பீங்கல்ல?"

"தைப்பேன். ஆனா பழைய சட்டைப் பையில இருந்த மிட்டாய் வராதே."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "பட்டாணி, அன்னைக்கு என்ன நம்பர் கொடுத்தே?"

"எக்ஸ்ரே சீட்டுல இருந்த நம்பர்."

அப்பா எந்தச் சீட்டையும் எறிய மாட்டார். சுவர்க் கம்பியில், அளவுச் சீட்டுகளுக்கு நடுவே அதையும் குத்தி வைத்திருந்தார். 4173.

அக்கா எண்ணைத் தட்டினாள். அதே இரட்டை மலை வந்தது. அதே ஆறு வந்தது. பாலம் வரவில்லை.

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "என் பாலம்?"

அப்பா சொன்ன மிட்டாய் அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மலையும் ஆறும் நம்பர்ல இருந்து வந்தது. பாலம் நீ கட்டினதுடா. போன தடவை ஏன் பத்து நாள் ஆச்சு?"

"கல்லு தேடியே எட்டு நாள் போச்சு."

"இப்போ தேடணுமா?"

பட்டாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "வேண்டாம். மலைக்குப் பின்னாடி குகை இருக்கு. கல்லு பூரா அங்கதான்."

நிமிர்ந்து உட்கார்ந்து, போனை அப்பாவிடம் நீட்டினான். "அழிச்சவங்கதான் சுமக்கணும். வாங்கப்பா, நான் வழி சொல்றேன்."

அப்பா இரண்டு தடவை ஆற்றில் விழுந்தார். ஒரு தடவை கல்லை எங்கே வைத்தோம் என்பதையே மறந்தார். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் பாலம் முடிந்துவிட்டது, முன்பைவிட இரண்டு கல் அகலமாக.

"எதுக்குடா இவ்வளவு அகலம்?" என்று கேட்டார் அப்பா.

"நீங்க விழாம நடக்கணும்ல," என்றான் பட்டாணி.